பெய்ஜிங்கிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்?

பெய்ஜிங்கும் நியூயார்க்கும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில், 40 டிகிரி வடக்கில் இருக்கின்றன. சுவரில் மாட்டிய உலக வரைபடத்தைப் பார்த்தால், பசிபிக்கைத் தாண்டி நேராகக் கிழக்கே போய்விடலாம் என்று தோன்றும். அப்படிப் போனால் 14,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். வடக்கே ஏறி, வட துருவத்திலிருந்து 700 கிலோமீட்டருக்குள் கடந்து, மறுபுறம் இறங்கினால் சுமார் 11,000 கிலோமீட்டர்தான்.

நம்ப முடியவில்லையா? உலக உருண்டை ஒன்றை எடுத்து, இரண்டு ஊருக்கும் இடையே நூலை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே வடக்கே போய் நிற்கும். அதை அப்படியே சுற்றிலும் நீட்டினால் உருண்டையைச் சரிபாதியாக வெட்டும் வட்டம் கிடைக்கும். அதன் பெயர் பெருவட்டம்.

சரி, நூல் இல்லாமல் கணக்குப் போடுவது எப்படி? முதலில் கிலோமீட்டரை மறந்துவிட்டுக் கோணத்தைத் தேட வேண்டும். இரண்டு விமான நிலையங்களிலிருந்தும் பூமியின் மையத்துக்குக் கோடு இழுத்தால் அங்கே எத்தனை டிகிரி விரியும்? இரண்டு அட்சரேகை, இரண்டு தீர்க்கரேகை தெரிந்தால் கோள முக்கோணவியல், அதாவது உருண்டைமேல் வரையும் முக்கோணங்களுக்கான கணிதம், சொல்லிவிடும். பெய்ஜிங்குக்கும் நியூயார்க்குக்கும் 98.7 டிகிரி. 360 டிகிரிக்குச் சுற்றளவு 40,030 கிலோமீட்டர் என்றால் 98.7க்கு எவ்வளவு? பள்ளிக்கூட விகிதக் கணக்குதான்: 10,975.

கடல் மைலில் இது இன்னும் சுலபம். ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல். அந்த அளவு பிறந்ததே அப்படித்தான். 98.7ஐ 60ஆல் பெருக்கினால் 5,922. கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர். விமானிகள் இன்னும் அதை விடாமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது.

பூமி சரியான உருண்டை அல்ல என்பது ஒரு சின்னச் சிக்கல். நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. உருண்டை என்றே வைத்துக்கொண்டாலும் பிழை அரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அதுவும் கூடாது என்பவர்களுக்கு 1975இல் புவி அளவியலாளர் வின்சென்டி வெளியிட்ட சூத்திரம் மில்லிமீட்டர் வரை போகும்.

ஆனால் எந்த விமானமும் அந்த மில்லிமீட்டரில் பறப்பதில்லை. 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரமாக இருந்த பயணம் பதின்மூன்று மணி நேரம்வரை நீண்டது. பெருவட்டத் தூரம் என்னவோ அப்படியேதான் இருந்தது.

அப்புறம் காற்று. எரிபொருள் கணக்குக்குத் தேவை தரைத் தூரம் அல்ல, காற்றுக்குள் விமானம் கடக்கும் தூரம். மணிக்கு 900 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்தைப் பின்னாலிருந்து 100 கிலோமீட்டர் வேகக் காற்று தள்ளினால், 10,000 கிலோமீட்டர் பாதை 10 மணி நேரத்தில் முடியும். காற்றுக்குள் கடந்தது 9,000தான். திரும்பும்போது அதே காற்று எதிரே வீசினால் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும், காற்றுக்குள் 11,250 கிலோமீட்டர் கடக்க வேண்டியிருக்கும்.