குக்கி: நினைவியா, குறியா?

எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதித் திரையை அடைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்து நிற்கிறது. 'நாங்கள் குக்கீஸ் பயன்படுத்துகிறோம்' என்று தொடங்கி நாலு வரி. கீழே 'ஏற்கிறேன்' என்று ஒரு பெரிய பொத்தான். படிக்காமல் அமுக்கிவிட்டு வந்த வேலையைப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். குக்கி என்றால் என்ன என்று வண்ணாரப்பேட்டைப் பக்கம் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள், டீக்கடை கண்ணாடி ஜாடியில் இருக்கும் பட்டர் பிஸ்கட்டைத்தான் காட்டுவார்கள். அந்த பிஸ்கட்டுக்கும் இதற்கும் உறவு உண்டு, தூரத்து உறவு.

டச்சு மொழியில் 'கூக்' என்றால் கேக், 'கூக்யே' என்றால் சின்ன கேக். நியூயார்க் ஒரு காலத்தில் டச்சுக்காரர்களின் ஊர். அங்கே குடியேறியவர்களின் அடுப்படியிலிருந்துதான் இந்தச் சொல் அமெரிக்க ஆங்கிலத்துக்குள் போனது. பிரிட்டிஷ்காரர்கள் பிஸ்கட் என்ற சொல்லோடு நின்றுவிட்டார்கள். நம்மை ஆண்டவர்கள் அவர்கள் என்பதால் நம் டீக்கடைக்கும் பிஸ்கட்தான் வந்தது.

தின்கிற குக்கி கணினிக்குள் எப்படிப் போனது என்பதற்குப் பல கதைகள் உலவுகின்றன. சீன உணவகங்களில் உள்ளே ஜோசியச் சீட்டு வைத்துத் தரும் பிஸ்கட்டிலிருந்து வந்தது என்பது ஒன்று. எழுத்தில் உள்ள தடயம் யூனிக்ஸ் இயங்குதளத்தில் கிடைக்கிறது. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் கையேட்டிலேயே 'மேஜிக் குக்கி' என்ற சொல் இருக்கிறது. ஒரு நிரல் (புரோகிராம்) இன்னொரு நிரலிடம் சின்னதாக ஒரு தகவலைக் கொடுக்கும். வாங்கிய நிரலுக்கு அதன் பொருள் புரிய வேண்டியதில்லை. பத்திரமாக வைத்திருந்து, அடுத்த முறை வரும்போது அப்படியே திருப்பிக் காட்டினால் போதும். கொடுத்த நிரலுக்கு அது என்னவென்று தெரியும்.

நிரலாளர்களின் பேச்சுவழக்குச் சொற்களைத் தொகுத்த பழைய அகராதி ஒன்று, இதை விளக்க ஓர் உதாரணம் தருகிறது: சலவைக்கடையில் துணி போட்டால் தரும் சீட்டு. அந்தச் சீட்டுக்கு வேறு எந்த மதிப்பும் கிடையாது. அன்று கொடுத்த துணியையும் இன்று வாங்க வந்த ஆளையும் சேர்த்து வைக்கும், அவ்வளவுதான்.

அமெரிக்க நிரலாளருக்குச் சீட்டு என்றால், வடசென்னைக்காரருக்குச் சீட்டுகூட வேண்டாம். வண்ணாரப்பேட்டை என்ற பேரே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் வந்தது. நூறு வீட்டு வேட்டியும் சட்டையும் ஒரே துறையில் வெளுக்கும்போது எது யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான் வண்ணார் குறி. சேங்கொட்டைச் சாற்றால் காலரின் உள்பக்கமோ வேட்டி ஓரத்திலோ ரெண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு வளைவு. எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. பல பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. போட்டவர் பார்த்த மாத்திரத்தில் வீட்டைச் சொல்லிவிடுவார். கதை அதோடு முடியவில்லை. பெயர் தெரியாத சடலம் கிடைத்தால் சட்டையில் உள்ள சலவைக் குறியை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது இந்தியப் போலீஸின் பழைய வழிகளில் ஒன்று. துணி வீடு போய்ச் சேரப் போட்ட குறி, ஆளைத் தேடவும் உதவியது.

இணையக் குக்கியின் வரலாறும் ஏறக்குறைய இதே வழியில்தான் போனது.

1994. உலாவி, அதாவது இணையதளங்களைத் திறந்து பார்க்கும் பிரவுசர், செய்துவந்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி என்று ஓர் இளம் பொறியாளர். இணையதளத்துக்கு அப்போது ஞாபகம் என்பதே கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்பீர்கள், தரும், அத்தோடு உங்களை மறந்துவிடும். அடுத்த பக்கத்தைக் கேட்டால் நீங்கள் புது ஆள். இப்படி இருந்தால் கடை எப்படி நடத்துவது? கூடையில் ஒரு பொருளைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால் கூடை காலி. வாடிக்கை நிறுவனம் ஒன்று, கூடையில் உள்ளதைத் தன் கணினியில் வைத்துக்கொள்ளாமலே இதற்கு வழி வேண்டும் என்று கேட்டது. மாண்டுல்லி யூனிக்ஸ் ஆட்களின் மேஜிக் குக்கியை எடுத்து உலாவிக்குள் வைத்தார். சொல் அழகாக இருந்ததும் ஒரு காரணம் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த நெட்ஸ்கேப் சோதனைப் பதிப்பிலேயே குக்கி இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை. 1996 பிப்ரவரியில் லண்டன் பத்திரிகை ஒன்று எழுதிய பிறகுதான் வெளியே பேச்சு கிளம்பியது.

அதற்குள் விளம்பரக்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். 1997இல் வெளியான குக்கி விதிமுறை, மூன்றாம் தரப்புக் குக்கிகளை உலாவிகள் தாமாக அனுமதிக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. அன்றைய பெரிய உலாவிகள் இரண்டும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றைய தொல்லையில் பாதி அந்த ஓர் இடத்தில் தொடங்கியது என்பது என் கணிப்பு.

மூன்றாம் தரப்பு என்றால் யார்? எங்கள் தெரு அக்கா ஒருவர் மகள் நிச்சயதார்த்தத்துக்காகப் போனில் ஒரு சேலைத் தளத்தைப் பார்த்திருக்கிறார். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். விலை கட்டுப்படியாகாமல் மூடிவிட்டு, எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக்கே போய் எடுத்தாயிற்று. ஆனால் மறுநாள் வஞ்சிரக் குழம்பு செய்முறை படிக்கப் போனால் புளிக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில் அதே சேலை. செய்தி படித்தால் அங்கேயும் அதே சேலை. "இன்னா தம்பி இது, நம்ம பேசறத போன் ஒட்டுக் கேக்குதா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

ஒட்டுக் கேட்கவே தேவையில்லை. சேலைத் தளத்தின் பக்கத்தில் கடைக்காரரின் நிரலோடு ஒரு விளம்பர நிறுவனத்தின் துண்டு நிரலும் உட்கார்ந்திருந்தது. அது அக்காவின் உலாவியில் தன் குக்கியை வைத்தது. சமையல் பக்கத்திலும் அதே விளம்பர நிறுவனத்தின் நிரல் இருந்தது. அக்கா உள்ளே வந்ததும் உலாவி அந்தக் குக்கியைத் தானாகவே எடுத்துக் காட்டிவிட்டது. 'ஓ, நேற்று மஞ்சள் சேலை பார்த்தவர்' என்று கண்டுகொள்ள அவ்வளவு போதும். சேலைத் தளமும் சமையல் தளமும் ஒன்றோடொன்று பேசவே இல்லை. ரெண்டு வீட்டிலும் கால் வைத்த மூன்றாவது ஆள்தான் கணக்கு வைத்திருந்தார்.

குக்கியைக் கண்ணால் பார்க்கலாம். கணினியில் குரோமைத் திறந்து, ஏதாவது ஒரு செய்தித் தளத்துக்குப் போய் எஃப்12 விசையை அழுத்துங்கள். மேலே 'அப்ளிகேஷன்' என்ற தாவல், அதற்குள் இடப்பக்கம் 'குக்கீஸ்'. பெயர், மதிப்பு, எந்தத் தளத்துடையது, என்றைக்குக் காலாவதி என்று வரிசை வரிசையாக வரும். பெரும்பாலும் தலையும் வாலும் புரியாத எழுத்துக் குவியல். அதில் 'ஜிஏ' என்று இருப்பது கூகுளின் வருகைக் கணக்குக் குக்கி. அதன் மதிப்பில் கடைசியாக ஒரு பத்து இலக்க எண் இருக்கும், 1717200000 என்பது மாதிரி. 1970 ஜனவரி 1 முதல் ஓடிய நொடிகளின் எண்ணிக்கை அது. கணக்குப் போட்டால் 2024 ஜூன் 1, நம்மூர் நேரம் காலை 5.30. அந்த உலாவியில் அந்தத் தளத்துக்கு முதன்முதலாக வந்த நேரம். அதற்கு முன்னால் உள்ள எண் குலுக்கலில் விழுந்தது. உங்கள் பெயரோ, போன் நம்பரோ அதில் கிடையாது. புள்ளியும் கோடும்தான்.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வரலாம். குக்கிக்குத் தமிழில் 'நினைவி' என்று வழங்குகிறது. உலாவு, உலாவி, செயல், செயலி, அந்த வரிசையில் நினைவு, நினைவி. சின்னச் சொல், வாயில் நிற்கிறது, வேற்றுமை உருபு ஏற்கச் சிரமமில்லை: நினைவியை அழி, நினைவியில் உள்ளது. கட்டுரையில் எழுத நானும் இதைத்தான் எடுப்பேன். ஒரு சங்கடம் மட்டும் உண்டு. நினைவி என்றால் நினைவில் வைத்திருப்பது என்று பொருள் படுகிறது. மேலே பார்த்த எழுத்துக் குவியல் எதையும் நினைவில் வைத்திருக்கவில்லை. சேலை, விலை, எத்தனை நிமிடம் பார்த்தீர்கள் என்ற சங்கதிகள் பெரும்பாலும் தளத்துக்காரரின் கணினியில், அவருடைய பேரேட்டில் இருக்கின்றன. உங்களிடம் இருப்பது அந்தப் பேரேட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்று சொல்லும் அடையாளம். பொருளுக்குச் சரியாகப் பொருந்துவது 'குறி'தான். ஆனால் குறி சொல்பவர் ஏற்கெனவே இருக்கிறார். வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சில் சிரிப்புக் கிளம்பும். 'அடையாளச் சீட்டு' என்றால் பொருள் பழுதில்லை, நீளம்தான் உதைக்கிறது. ஆகவே எழுத்தில் நினைவி, புரியவைக்க அடையாளச் சீட்டு. போனில் தேடும்போது மட்டும் 'குக்கீகள்' என்றே தேடுங்கள். குரோமின் தமிழ் அமைப்புகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

பொருள் புரிந்தால் என்ன லாபம் என்றால், குக்கியை அழிப்பதால் எது நடக்கும், எது நடக்காது என்று தெரிந்துவிடும். அழித்தால் உங்கள் பக்கச் சீட்டு போகும். தளங்கள் உங்களைப் புது ஆளாகப் பார்க்கும், திரும்ப லாகின் கேட்கும். அவர்கள் பேரேடு அப்படியே இருக்கும். அதே கணக்கில் மறுபடி நுழைந்தால் பழைய பக்கம் மறுபடி திறக்கும். மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரமும் இப்படித்தான்: சாளரத்தை மூடியதும் அதில் சேர்ந்த குக்கிகள் போய்விடும், ஆனால் உள்ளே இருந்தபடி ஜிமெயிலில் நுழைந்தால் கூகுளுக்கு நீங்கள் யாரென்று தெரியத்தான் செய்யும்.

எல்லாக் குக்கியையும் தடுக்கக் கிளம்பாதீர்கள். பேங்க் தளத்தில் நுழையக்கூட முடியாமல் போகும். தடுக்க வேண்டியது மூன்றாம் தரப்பை மட்டும். சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து அவற்றை முழுக்கத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022லிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனியாகப் பூட்டி வைக்கிறது. குரோம் 2020இல் 'ரெண்டு வருஷத்தில் நிறுத்திவிடுவோம்' என்றது, தள்ளிப் போட்டது, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. குரோம் நடத்துவதும் விளம்பரத்தில் சம்பாதிப்பதும் ஒரே வீடு. வேறென்ன எதிர்பார்க்க முடியும்? அதனால் குரோம் வைத்திருப்பவர்கள் நாமாகத்தான் போய்த் தடுக்க வேண்டும்: மூன்று புள்ளி, அமைப்புகள், தனியுரிமை மற்றும் பாதுகாப்பு, மூன்றாம் தரப்புக் குக்கீகள். ஒரு நிமிட வேலை. அக்காவுக்கு அதைத்தான் செய்து கொடுத்தேன். செயலிகளுக்குள் வரும் விளம்பரம் வேறு கணக்கு. அங்கே குக்கிக்குப் பதில் ஆண்ட்ராய்டின் விளம்பர ஐடி வேலை செய்கிறது. அதையும் போன் அமைப்புகளில் விளம்பரங்கள் பகுதிக்குப் போய் நீக்கலாம்.

'ஏற்கிறேன்' பெட்டி ஐரோப்பியச் சட்டங்களின் பிள்ளை. அங்கே தளம் ஓடத் தேவையானவை தவிர வேறு குக்கியை அனுமதி கேட்காமல் வைக்கக் கூடாது என்பதால் வந்தது, நமக்கும் சேர்த்துக் காட்டுகிறார்கள். 'நிராகரி' அமுக்கினால் தளம் ஓடாது என்று பயப்பட வேண்டாம். லாகினுக்கும் கூடைக்கும் தேவையான குக்கிகள் எப்படியும் இருக்கும். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. ஏற்கிற பொத்தானைப் பட்டை அடித்து, மறுக்கிற பொத்தானை மூன்று திரைக்குப் பின்னால் ஒளிக்கிறவர்கள் இதைப் படித்தால் நல்லது.

விளம்பரம் எரிச்சல்தான், நஷ்டம் இல்லை. நஷ்டம் வருவது லாகின் குக்கியால். ஒரு தளத்தில் பாஸ்வேர்டும் ஓடிபியும் போட்டு நுழைந்த பிறகு, 'இவர் சோதிக்கப்பட்டவர்' என்று தளம் கொடுப்பதும் ஒரு குக்கிதான். அதை யாராவது நகலெடுத்துத் தன் கணினியில் வைத்தால் பாஸ்வேர்டு இல்லாமல், ஓடிபி இல்லாமல் உள்ளே நுழைய முடியும். யூடியூப் சேனல் நடத்துபவர்களுக்கு விளம்பர வாய்ப்பு என்று மெயில் அனுப்பி, குக்கி திருடும் மென்பொருளை இறக்கவைத்துச் சேனலையே பிடுங்கியதைக் கூகுளே 2021இல் வெளியிட்டது. காசு கொடுக்காமல் கிடைக்கும் கிராக் மென்பொருளிலும் இதே சரக்கு வரும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தண்டையார்பேட்டையோ மூலக்கடையோ, ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஆதார் பிரிண்ட் எடுக்கிறோம். கடைக் கணினியில் ஜிமெயிலைத் திறந்து, பைலை இறக்கி, பிரிண்ட் எடுத்து, காசு கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். தாவலை மூடினால் போதும் என்று நினைப்பு. லாகின் குக்கி அந்தக் கணினியிலேயே இருக்கிறது. அடுத்து வருபவர் ஜிமெயில் என்று தட்டினால் திறப்பது உங்கள் பெட்டி. வெளியேறு என்பதை அமுக்கிவிட்டு எழுந்திருங்கள், இறக்கிய பைலையும் அழித்துவிடுங்கள். ஏற்கெனவே விட்டுவிட்டு வந்திருந்தால் திரும்பக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. உங்கள் போனில் கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் 'உங்கள் சாதனங்கள்' என்பதைப் பாருங்கள். முன்பின் தெரியாத விண்டோஸ் கணினி ஒன்று அங்கே நின்றால் அதைத் தொட்டு வெளியேற்றிவிடலாம். குக்கி அங்கேயே கிடந்தாலும் அதன் பிறகு அதைக் கூகுள் ஏற்காது.