ஆண்ட்ரோஜைன்: தமிழில் எப்படிச் சொல்வது?

‘ஆண்ட்ரோஜினஸ்’ என்ற சொல்லை நாம் பெரும்பாலும் ஃபேஷன் பக்கங்களில்தான் பார்த்திருப்போம். ஆணா பெண்ணா என்று சட்டென்று பிடிபடாத தோற்றம் என்பது அங்கே அதன் பொருள். ஆனால் தன்னை ஆண்ட்ரோஜைன் என்று சொல்லிக்கொள்ளும் திருநர் ஒருவர் தோற்றத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆண்மையும் பெண்மையும் தனக்குள் சேர்ந்தே இருக்கின்றன, அல்லது தான் இரண்டுக்கும் இடையில் இருப்பதாக உணர்கிறேன் என்கிறார். வேட்டி கட்டினாலும் சேலை கட்டினாலும் அந்த உணர்வு மாறாது. பிறப்பிலேயே உடற்கூறு வேறுபடும் ஊடுபாலும் இதுவும் வேறு வேறு.

சொல் கிரேக்கம். ‘ஆண்ட்ரோ’ ஆணைக் குறிக்கும், ‘குனே’ பெண்ணைக் குறிக்கும். பிளேட்டோவின் ஓர் உரையாடலில், ஆதியில் மனிதர்கள் மூன்று வகையாக இருந்தார்கள், ஆணும் பெண்ணும் கலந்தது மூன்றாவது வகை என்று ஒரு கதை வரும். அந்த வகையின் பெயர் இப்போது வசைச்சொல்லாக மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்றும் அதே இடத்தில் சொல்லப்படுகிறது. இதைப் படிக்கும்போது எனக்கு நம்முடைய ‘பேடி’தான் நினைவுக்கு வருகிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்று பேடு. மணிமேகலையில் புகார் நகரத்து மக்கள் கூடிநின்று பார்க்கும் பேடிக் கோலத்துக்குச் ‘சுரியல் தாடி’யும் உண்டு, ‘பூங்குழ’லும் உண்டு. எவ்வளவு அழகான கோலம்! அந்தச் சொல்லைக் கோழை என்று ஏசுவதற்கு ஆக்கிவிட்டோம். அதை மீட்டெடுக்கலாமா என்பதை அதனால் காயப்பட்டவர்கள்தான் சொல்ல வேண்டும். ‘அலி’யும் அப்படித்தான்.

சரி, வேறு என்ன சொல்லலாம்? ‘இருபாலர்’ என்றால் கல்லூரி நினைவுக்கு வரும், ஆண், பெண் இருவர்மீதும் ஈர்ப்புக் கொள்வதைச் சொல்லும் ‘இருபாலீர்ப்பு’ என்ற சொல்லோடும் குழம்பும். ‘பால் நடுநர்’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. ஒரே குறை அந்த ‘நடு’. ஒரு கோட்டின் இரண்டு முனைகளுக்கு மத்தியில் நிற்பவர் என்ற எண்ணத்தை அது தருகிறது. ஆண்மையும் பெண்மையும் ஒரே கோட்டின் இரு முனைகள் இல்லை, ஒருவரிடம் இரண்டுமே நிறைவாக இருக்கலாம் என்று உளவியலாளர் சாண்ட்ரா பெம் 1974இலேயே எழுதினார். திருச்செங்கோட்டு மாதொருபாகனை நாம் ‘நடுவில் இருப்பவர்’ என்றா சொல்கிறோம்? ஆகவே இடையில் இருப்பதாக உணர்பவருக்குப் பால் நடுநர் பொருந்தும். இரண்டுமாக இருப்பவரை ‘ஆண்பெண்மையர்’ எனலாம் என்பது என் பரிந்துரை.

அப்புறம், அந்த ‘அர்’ விகுதி. ஒருவரை ஆண், பெண் என்று பிரிக்காமல் குறிப்பிட ஆங்கிலத்தில் ‘they’ என்ற பன்மைச் சொல்லை ஒருமைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது, அதில் இன்னும் சண்டை ஓயவில்லை. நமக்கு ‘அவர் வந்தார்’ என்பது அன்றாடப் பேச்சு. ஆசிரியர், மருத்துவர், நண்பர் எதிலும் பால் தெரியாது. ஆண்பெண்மையரும் அந்த வரிசையில் இயல்பாகவே வந்து உட்கார்ந்துகொள்வார்.