'இன்டூ' என்று கேட்டுவிட்டுப் பிள்ளையைத் திட்டாதீர்கள்

'இன்டூ' என்ற சொல்லால் திட்டு வாங்கி, இந்த மாதம் என்னிடம் வரும் மூன்றாவது பிள்ளை இது. லண்டனில் படிக்கிற எட்டு வயதுப் பெண். ஊரிலிருந்து தாத்தா வீடியோ காலில், "த்ரீ இன்டூ ட்வெல்வ் எவ்வளவு கண்ணு?" என்று கேட்டிருக்கிறார். "ஃபோர்" என்றிருக்கிறாள். வீட்டில் ஒரே ரகளை. "வாய்ப்பாடே தெரியல மேடம், முதல்ல இருந்து சொல்லிக் குடுங்க" என்று அம்மா எனக்குப் போன் செய்கிறார்.

அவள் சொன்னது சரி. அவள் பள்ளியில் 'த்ரீ இன்டூ ட்வெல்வ்' என்றால் பன்னிரண்டுக்குள் மூன்று எத்தனை தடவை போகும் என்று பொருள். அதாவது வகுத்தல். நாம் பெருக்கலுக்குச் சொல்லும் அதே சொல். எத்தனை பேரிடம் விளக்கினாலும், "இன்டூன்னா பெருக்கல்தானே, நாங்க அப்படித்தானே படிச்சோம்" என்று அங்கேயே வந்து நிற்கிறார்கள். ஆமாம், இங்கே பெருக்கல்தான். இங்கே விடை 36, அங்கே 4. சொல் ஒன்று, கணக்கு இரண்டு.

"அப்போ நம்ம இங்கிலீஷ் தப்பா?" அதுவும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கணித அறிஞர் வியெத், பெருக்கலை லத்தீனில் 'ஏ இன் பி', அதாவது 'ஏ இன்டூ பி' என்றே எழுதினார். பழைய ஆங்கிலக் கணித நூல்களிலும் 'மல்டிப்ளைடு இன்டூ' உண்டு. அங்கே வழக்கொழிந்தது, நம்மிடம் தங்கிவிட்டது.

அங்கே பெருக்கலுக்கு அன்றாடச் சொல் 'டைம்ஸ்'. டைம் என்றால் நேரம் மட்டுமல்ல, தடவையும்தான். 'த்ரீ டைம்ஸ் ட்வெல்வ்', மூன்று தடவை பன்னிரண்டு. 'மல்டிப்ளை'யில் இருப்பது மடிப்பதைக் குறிக்கும் லத்தீன் வேர். நம் 'மடங்கு'ம் மடங்குவதிலிருந்து வந்ததே. வகுப்பில் தாளை மடித்து, இரண்டு, நான்கு, எட்டு என்று அடுக்கு எண்ணச் சொல்வேன். ஒரு பிள்ளையும் மறந்ததில்லை.

வெளிநாட்டுப் பேரப்பிள்ளையிடம் 'டைம்ஸ்' என்றே கேளுங்கள். எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது, × இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அங்கிருந்து வந்து இங்கே சேரும் பிள்ளைக்கு முதல் வாரமே இதைச் சொல்லிவிடுங்கள், ஆசிரியர்களே. விடை வேறாக வந்தால், "எப்படிம்மா போட்டே?" என்று ஒரு வார்த்தை கேட்ட பிறகு திருத்துங்கள்.

அந்தப் பெண் இப்போது தாத்தாவின் காலை எடுக்கவே தயங்குகிறாளாம். ஐயா, இன்று மாலை கூப்பிட்டு, "நீ சொன்ன நாலு சரிதான் கண்ணு" என்று சொல்லிவிடுங்கள்.