பழைய எல்ஜி போன்: பேரை விடுங்க, மாடல் நம்பரைப் பாருங்க

போன் செய்யுறதையே நிறுத்துறோம்னு எல்ஜி அறிவிச்சது 2021 ஏப்ரல் 5. ஐபோன் வர்றதுக்கு முன்னாடியே, 2006 டிசம்பர்ல, விரல் பட்டாலே வேலை செய்யுற கெபாசிட்டிவ் டச்சோட பிராடா போனைக் காட்டின கம்பெனி அது, எனக்கு இன்னும் மனசு ஆறல. செகண்ட் ஹேண்ட்ல அந்த போனுங்க இன்னும் கைமாறிட்டுதான் இருக்கு, ஆனா பேரை மட்டும் பார்த்து வாங்குனா மாட்டிப்பீங்க.

2013ல வந்த ஜி2வையே எடுத்துக்கங்க, பவர் பட்டனும் வால்யூம் பட்டனும் முதுகுல இருக்குமே, அதுதான். அதுல டி802னா சர்வதேச மாடல், டி801னா அமெரிக்காவுல டி-மொபைல் நெட்வொர்க்குக்கு, விஎஸ்980னா அங்கேயே வெரைசன் நெட்வொர்க்குக்கு, எஃப்320னா கொரியாவுக்கு. டி802ல பேட்டரி 3,000 எம்ஏஎச், கழட்ட முடியாது. எஃப்320லயோ 2,610தான், ஆனா மூடியைத் திறந்து கழட்டிடலாம். ரெண்டுக்கும் பேரு ஜி2தான், ஒண்ணோட பேட்டரி இன்னொண்ணுக்கு ஆகாது. நெட்வொர்க் பேண்டும் (சிக்னல் வர்ற அலைவரிசை) ஊருக்கு ஊர் மாறும், அதனால வேற நாட்டு மாடல்ல நம்ம சிம்முக்கு 4ஜி கிடைக்காமலும் போகலாம்.

செட்டிங்ஸ்ல மாடல் நம்பர் இருக்கும். ஆனா சாஃப்ட்வேரை மாத்தி ஏத்தியிருந்தா அதுவே தப்பா காட்டும், அதனால *#06# அடிச்சு ஐஎம்இஐயையும் (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்குற அடையாள நம்பர்) பாருங்க. மொத்தம் 15 இலக்கம். முதல் 8 எந்தக் கம்பெனி எந்த மாடல்னு சொல்றது, அடுத்த 6 அந்த ஒரு போனோட சீரியல், கடைசி ஒண்ணு சரிபார்க்க. 490154203237518னு ஒரு நம்பரை வெச்சுப் பாருங்க: இடதுலேர்ந்து ரெண்டாவது, நாலாவதுன்னு 14வது வரைக்கும் ஒண்ணு விட்டு ஒண்ணை ரெட்டிப்பாக்கணும், 18 மாதிரி ரெண்டு இலக்கம் வந்தா 1+8னு கூட்டி 9 ஆக்கிடணும், அப்புறம் 14 இலக்கத்தையும் கூட்டினா 52, அதை அடுத்த முழுப் பத்தான 60 ஆக்க 8 வேணும், அந்த 8தான் கடைசி இலக்கம். எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இது. ஆனா நம்பரைத் தப்பா டைப் பண்ணியிருந்தா கண்டுபிடிக்கத்தான் இது, கணக்கு சரியா வந்துட்டா போன் ஒரிஜினல்னு ஆயிடாது. முதல் 8 இலக்கம் காட்டுற மாடலும் செட்டிங்ஸ்ல இருக்குற மாடலும் ஒத்துப்போகணும், போகலன்னா உள்ள இருக்குற மெயின் போர்டை மாத்தியிருக்கலாம், இல்ல வேற ரோம் (போனோட சாஃப்ட்வேர்) ஏத்தியிருக்கலாம்.

2025 ஜூன் 30ஓட எல்ஜி அப்டேட் சர்வரையும் மூடியாச்சு. இனி அதுல சாஃப்ட்வேர் கெட்டுப்போனா யாரோ எடுத்து வெச்ச ஃபைலைத்தான் தேடணும், அதையும் மாடல் நம்பரை வெச்சுத்தான் தேடணும்.