கூரையைப் பார்க்கும் முன் மீட்டரைப் பாருங்கள்

எரிசக்தித் தணிக்கைக்காக, அதாவது மின்சாரம் எங்கே செலவாகிறது என்று பார்க்க, ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மின்கட்டணம் உயர்ந்த பிறகு வந்த இரண்டாவது பில் மேசைமேல் கிடந்தது. 5 கிலோவாட் சோலார் போட்டுவிடுவது என்று வீட்டுக்காரர் முடிவே செய்துவிட்டார். பேனல்களை எந்தப் பக்கம் வைப்பது என்று சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் ஒரு சின்ன வேலை கொடுத்தேன். ராத்திரி படுக்கும்போது மீட்டர் எண்ணை எழுதி வையுங்கள், காலையில் எழுந்ததும் மறுபடி எழுதுங்கள்.

எல்லோரும் தூங்கிய 7 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 3 யூனிட் ஓடியிருந்தது. குளிர் மாதம், விசிறிகூடச் சுற்றவில்லை. அப்படியும் 400 வாட்டுக்கு மேல் எங்கோ போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நாள் முழுக்க இப்படி ஓடினால் மாதத்துக்கு 300 யூனிட்!

தேடியதில் மூன்று இடங்கள் அகப்பட்டன. சுடுநீர்க் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டே இருந்ததால் ஹீட்டர் ஓயாமல் வேலை செய்தது. பழைய ஃப்ரிட்ஜின் கதவு ரப்பர் தளர்ந்திருந்தது. இதை நீங்களே சோதிக்கலாம்: கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள், தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டும். மூன்றாவது, டிவி, கணினி என்று அணைத்த பிறகும் விழித்திருக்கும் கருவிகள். இவற்றைச் சரிசெய்து, 75 வாட் விசிறிகளுக்குப் பதில் 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. (மின் சிக்கன மோட்டார் கொண்ட) விசிறிகளை மாட்டியதும், 3 கிலோவாட் சோலாரே போதும் என்று கணக்கு வந்தது.

சரி, கட்டணம் ஏன் ஏறுகிறது? காரணங்கள் பல. கம்பிகளையும் மின்மாற்றிகளையும் புதுப்பிக்கும் செலவு இருக்கிறது, வழியில் இழக்கும் மின்சாரம் இருக்கிறது, கடன் வட்டி இருக்கிறது. ஆனால் திடீரென்று எகிறும் ஏற்றங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் எரிபொருள்தான் நிற்கும். நிலக்கரியை எரித்துக் கிடைக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலோதான் மின்சாரமாகிறது. மீதி குளிர்விப்புக் கோபுரத்திலும் புகைபோக்கியிலும் போய்விடுகிறது. அந்த வீணுக்கும் சேர்த்துத்தான் நாம் பணம் கட்டுகிறோம். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடும் காற்றில் கலக்கிறது. சோலாரில், பேனல் தயாரிப்பதில் தொடங்கி அதன் ஆயுள் முழுக்கக் கணக்கிட்டாலும், இது 40, 50 கிராம் அளவில்தான் இருக்கும்.

2022-இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ஐரோப்பாவில் நடந்தது நினைவிருக்கலாம். அங்கே மின்சாரத்தின் மொத்த விற்பனைச் சந்தையில், தேவையை நிறைவு செய்யக் கடைசியாக இயக்கப்படும் நிலையத்தின் விலையே அந்த நேரத்து மின்சாரம் எல்லாவற்றுக்கும் விலையாகிறது. பல நேரங்களில் அது எரிவாயு நிலையம். எரிவாயு விலை ஏறியதும், அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத வீடுகளின் பில்லும் ஏறியது. 1973 எண்ணெய் நெருக்கடியிலும் இதே பாடம்தான். அன்று இறக்குமதி எண்ணெயையே பெரிதும் நம்பியிருந்த டென்மார்க் அதற்குப் பிறகு காற்றாலைகள் பக்கம் திரும்பியது. இன்று அந்த நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி காற்றிலிருந்து வருகிறது.

சுத்தமான மின்சாரத்துக்கு ஆதரவாக நான் பேசுவதற்குச் சூழல் ஒரு காரணம், விலை உறுதி இன்னொரு காரணம். வெயிலுக்கும் காற்றுக்கும் நாளைக்கு யாரும் விலை ஏற்ற முடியாது. செலவு பெரும்பகுதி முதல் நாளிலேயே தெரிந்துவிடுகிறது. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் காட்டிய சிலிக்கான் சோலார் செல்லின் திறன் சுமார் 6 சதவீதம். இன்று சாதாரணமாக விற்கும் பேனலே 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. 2010-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் மட்டும் பேனல் விலை ஏறக்குறைய 90 சதவீதம் இறங்கியது.

ஆனால் விற்பவர்கள் சொல்லாமல் விடும் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். சோலார் போட்டதும் பில் பூஜ்யமாகிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். எத்தனை யூனிட் ஓடினாலும் மாறாத நிலைக்கட்டணம் பில்லில் தனியாக இருந்தால், அது பெரும்பாலும் அப்படியே நிற்கும். குறைவது யூனிட் கட்டணம்தான். பயன்பாடு கூடக்கூட விலை ஏறும் படிநிலைக் கட்டணம் உங்களுக்கு இருந்தால் அதில் ஒரு நன்மை உண்டு: சோலார் கழிக்கும் யூனிட்டுகள் மேல்படியிலிருந்து, அதாவது விலை அதிகமான பகுதியிலிருந்து கழியும். அதனால்தான் சில வீடுகளுக்குச் சின்ன அமைப்பே பெரிய அமைப்பைவிட லாபமாக இருக்கிறது.

அப்புறம் நிழல். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. பேனல்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்டவை. தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு மூலையில் விழுந்தால்கூட, அந்த மூலையின் அளவைவிட அதிகமாக உற்பத்தி குறையும். ஒரு கிலோவாட்டுக்கு, நடமாடும் இடத்தையும் சேர்த்து, சுமார் 10 சதுர மீட்டர் நிழலில்லாத இடம் வேண்டும். நல்ல வெயில் உள்ள இடத்தில் அது நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மேகமூட்டமான ஊர்களில் இன்னும் குறைவு.

இன்னொன்றைக் கேட்டுப் பலரும் அதிர்ந்து போகிறார்கள். பேனல் தரும் நேர்மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற மாறுமின்சாரமாக்கும் கருவிதான் சோலார் இன்வெர்ட்டர். பேட்டரி இல்லாத சாதாரண இன்வெர்ட்டர், மின்தடை வந்தால் நண்பகல் வெயிலிலும் நின்றுவிடும். கம்பியில் பழுது பார்ப்பவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது, அதை மாற்றச் சொல்லக் கூடாது. மின்தடை நேரத்திலும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும், செலவும் கூடும். பேனல்களுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் சகஜம். இன்வெர்ட்டரை அதற்குள் ஒருமுறையாவது மாற்ற நேரும். அந்தத் தொகையையும் இன்றே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வழி குறைவு என்பது எனக்கு வருத்தம்தான். ஜெர்மனியில் பால்கனிக் கம்பியில் மாட்டி, 800 வாட் இன்வெர்ட்டர் வழியாகப் பிளக்கில் செருகும் சிறு பேனல்களை அனுமதித்திருக்கிறார்கள்; வீடு மாறினால் கூடவே எடுத்துப் போகலாம். இத்தகைய விதிகள் எல்லா நாடுகளிலும் வர வேண்டும். அதுவரை விசிறியும் விளக்கும் ஃப்ரிட்ஜ் ரப்பரும் அவர்கள் கையில் இருக்கின்றன.

அந்த வீட்டுக்காரர் இப்போதைக்குப் பேட்டரி வாங்கவில்லை. பின்னால் சேர்க்க வசதியாக ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போட்டிருக்கிறோம். மின்வாரியக் கம்பிக்குத் திருப்பிக் கொடுக்கும் யூனிட்டுக்கு அங்கே கிடைக்கும் விலை, வாங்கும் விலையைவிடக் குறைவு. அதனால் ஹீட்டருக்கு ஒரு டைமர் மாட்டினோம்; தண்ணீர் சூடாவதும் துணி துவைப்பதும் இப்போது பகல் 11 மணிக்கு மாறிவிட்டன.