உங்கள் தெருவில் பள்ளம் எந்தப் பக்கம்?

சென்னையின் தென்புறநகரில் ஒரு பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். புவியியலைப் பெற்றோரும் சரி, பிள்ளைகளும் சரி, மேப்பில் மார்க் வாங்கித் தரும் பாடமாகத்தான் இன்னும் பார்க்கிறார்கள். காவிரியைத் தப்பில்லாமல் வரைந்து, கரிசல் மண் பகுதிக்கு அழகாக நிறம் தீட்டும் பிள்ளையிடம், "உன் தெருவில் பெய்யும் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுது?" என்று கேட்டால் முழிக்கிறது. எனக்கு இது பெரிய கவலை.

2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. அடையாறு கரை மீறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆற்றுக்குப் பக்கத்தில் இல்லாத எத்தனையோ தெருக்களிலும் இடுப்பளவு தண்ணீர் நின்றது, அதே தெருவின் மறுமுனையில் வாசல்படிகூட நனையவில்லை. ஏன் என்று சொல்லித்தரக்கூடிய பாடம் புத்தகத்திலேயே இருக்கிறது: சம உயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைத்து வரைபடத்தில் போடும் கோடுகள்.

சிக்கல் என்னவென்றால், இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோப்போ ஷீட்டில், அதாவது மேடு பள்ளம் காட்டும் நில வரைபடத்தில், சமவெளிப் பகுதிகளுக்குச் சம உயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றுதான். சென்னையோ கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஏழு மீட்டர்கூட இல்லாத ஊர். எங்கள் ஊரின் பெரும்பகுதியில் ஒரு கோடும் ஓடாது, ஆனால் ஒரு அடி மேடு பள்ளம்தான் யார் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்பதை முடிவு செய்கிறது.

அதனால் போன வருஷம் மைதானத்திலேயே கோடு போட்டுப் பார்த்தோம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய் வைத்திருப்பார்களே, அதேதான். ஒரு முனையைக் கொடிக்கம்பத்தடியில் பிடித்துக்கொண்டு, மறுமுனையோடு பிள்ளைகள் நடந்து, அதே மட்டம் வரும் இடத்திலெல்லாம் சுண்ணாம்புத்தூள் வைத்துக்கொண்டே போனார்கள். முதலில் கணக்கு கன்னாபின்னாவென்று வந்தது. கடைசி பெஞ்சில் பேசாமல் இருக்கும் ஒரு பையன் எழுந்து வந்து, "குழாய்க்குள்ள காத்துக் குமிழி இருக்கு மிஸ், அது இருந்தா மட்டம் தப்பாக் காட்டும்" என்றான். அவன் அப்பா கொத்தனார். அதற்கப்புறம் அன்றைக்கு அவன்தான் வாத்தியார்.

கோடு கழிவறைக்குப் பின்னால் வளைந்து, சைக்கிள் ஷெட் மூலையைச் சுற்றி மூடியது. அந்த மூலைதான் பள்ளம். பத்து நாள் கழித்து மழை பெய்தபோது வகுப்பே ஜன்னலுக்கு ஓடியது. சுண்ணாம்பு கரைந்துபோயிருந்தாலும், தண்ணீர் அவர்கள் நோட்டில் வரைந்து வைத்திருந்த வடிவத்திலேயே தேங்கி நின்றது.

சிலபஸ் முடிக்க நேரமில்லை என்று சக ஆசிரியர்கள் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை, நானும் அதே ஓட்டத்தில் இருப்பவள்தான். ஆனால் இதற்கு ஒரே ஒரு பீரியட் போதும். அதற்கும் வழியில்லையென்றால் ஊர்ப் பெயர்களில் இருந்தாவது ஆரம்பிக்கலாம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை, அங்கேயும் ஏரி இல்லை. தி.நகரின் பெரும்பகுதி 1920களில் நெடிய ஏரியொன்றின் படுகையில் எழுந்தது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள், அப்புறம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்கிறார்கள்.

பெற்றோருக்கு ஒன்று. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அந்த மூன்று மாதத்தில்தான். முதல் மழை விட்டதும் பிள்ளையோடு தெருவில் ஒரு நடை போங்கள். எங்கே தேங்குகிறது, எந்த வடிகால் அடைத்திருக்கிறது, மின்பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள்.

என் மாணவி ஒருத்தி வாடகை வீடு பார்க்க அம்மா அப்பாவோடு போயிருக்கிறாள். தரைத்தள வீடு, வாடகையும் குறைவு. அவள் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு நேராக ஓடிய பழுப்புக் கறையைக் காட்டி, "இதுவரைக்கும் தண்ணி நின்னிருக்கும்மா" என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் இரண்டு தெரு தள்ளி மாடியில் ஒரு போர்ஷன் பிடித்துக்கொண்டார்கள்.