ஆறிய அல்சர் திரும்ப வருவது ஏன்?

எங்கள் தெருமுனை டீக்கடையில் விடியற்காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். வெறும் வயிற்றில் ஒரு டீ, கூடவே ஒரு பீடி. என் சித்தப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அல்சருக்கு ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டார், வலி போனது, பீடி போகவில்லை. அடுத்த ஐப்பசிக்குள் அதே எரிச்சல். "மாத்திரை சரியில்லடா" என்றார். மாத்திரை தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது.

இரைப்பையில் ஊறும் அமிலம் இறைச்சியையே கரைக்கும். இரைப்பை மட்டும் கரையாமல் இருப்பது எப்படி? அதன் உட்சுவரில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வழவழப்பான கோழைப் படலம் இருக்கிறது. சுவர்ச் செல்கள் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் என்ற காரப்பொருளைச் சுரந்து அதற்குள் விடுகின்றன. சுவருக்குச் சுண்ணாம்பு பூசியது போல, உள்ளே இறங்கும் அமிலம் அங்கேயே முறிந்துவிடும். செல்களும் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாக மாறும். இத்தனைக்கும் ரத்த ஓட்டம் வேண்டும்.

ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகள் அமிலத்தைக் குறைக்கும், அந்த அவகாசத்தில் புண் மூடிக்கொள்ளும். மாத்திரையை நிறுத்தியதும் அமிலம் பழைய அளவுக்கு வந்துவிடும். அப்புறம் எல்லாம் சுவரின் பலத்தைப் பொறுத்தது. புகை கைவைப்பது அந்தச் சுவரில்தான். நிக்கோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் குறைகிறது. கணையம் முன்சிறுகுடலுக்கு அனுப்பும் பைகார்பனேட்டும் குறைவதால், இரைப்பையிலிருந்து இறங்கும் அமிலம் அங்கே சரியாக முறிவதில்லை. ஒவ்வொரு பீடிக்கும் இது நடக்கிறது.

1970களின் கடைசியில் அமிலத்தைக் குறைக்கும் சிமெடிடின் என்ற மருந்து வந்தபோது புண்கள் நன்றாகவே ஆறின. நிறுத்தினால் ஓராண்டுக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்பின, புகைப்பவர்களுக்கு இன்னும் அதிகமாக. முக்கியக் காரணம் பிறகுதான் பிடிபட்டது. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை அடையாளம் கண்டார்கள். மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமியை ஒழித்துவிட்டால் புகைப்பவர்களுக்கும் புண் திரும்புவது வெகுவாகக் குறைகிறது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கிருமி ஒழிப்புச் சிகிச்சையே புகைப்பவர்களிடம் அதிகமாகத் தோற்கிறது. ரத்த ஓட்டம் குறைந்த சுவருக்கு ஆன்டிபயாடிக் போதுமான அளவு போய்ச் சேராதது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. வலி மாத்திரைகளால் வரும் புண்ணுக்கோ கிருமியே தேவையில்லை.

சித்தப்பாவுக்கு இரண்டாவது எண்டோஸ்கோப்பியில் கிருமி இருப்பது தெரிந்தது. 14 நாள் மருந்து. பீடியையும் அதே நாளில் விடச் சொல்லி அவர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். வலி நின்றதை வைத்துக் கிருமி போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. ஆன்டிபயாடிக் முடிந்து நான்கு வாரமாவது கழித்து, அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, மூச்சுப் பரிசோதனை செய்ய வேண்டும். நிறுத்தாமல் செய்தால், கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடலாம்.